குழந்தை வருவதற்கு முன் பழைய வேலைகளைத் தூசி தட்டுங்கள்

முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எங்களுக்கு ஒன்றுமே தெரியாதே." குழந்தையைத் தூக்கத் தெரியாது என்றால் கவலை வேண்டாம், பிரசவ வார்டு நர்ஸம்மா அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார். முதல் வருடத்தில் ஆளைச் சாய்ப்பது வேறு சமாச்சாரம். கெடு தேதிகள், படிவங்கள், ராத்திரி முழிப்பு, திடீரென்று தீர்ந்துபோகும் சாமான், ஆளுக்கொரு யோசனை சொல்லும் பெரியவர்கள். இதையெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஏற்கெனவே சமாளித்தவர்தான் நீங்கள். வீட்டுக்கு அதை எடுத்துவரத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் படிக்கும்போதே மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நின்றவன். பிறகு சென்னையில் பி.பி.ஓ. நைட் ஷிப்ட், அப்புறம் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்தது முதல் சரக்கு கப்பல் ஏறும் வரை கூடவே நின்று கவனிக்கும் ஆள். மனைவிக்கு வங்கி கவுன்டரில் வேலை. இந்த வேலைகளில் எது எங்கே உதவியது என்பதை நாங்கள் தட்டுத் தடுமாறித்தான் கண்டுபிடித்தோம். உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அரசுப் பதிவு, திட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்கு.

1. பார்த்த வேலைகளைப் பட்டியல் போடுங்கள், பதவிப் பெயர் வேண்டாம்

கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். 'சூப்பர்வைசர்', 'அக்கவுன்டன்ட்' என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. தினமும் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். கெடுவிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டேன். கத்துகிறவரிடம் நிதானமாகப் பேசினேன். எக்ஸ்பயரி தேதி பார்த்து அடுக்கினேன். அடுத்த ஷிப்ட் ஆளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனேன். இப்படி.

ரெண்டு மாதம் மட்டும் பார்த்த வேலை, வெளியே சொல்லக் கூச்சப்படும் வேலை, எல்லாம் கணக்கில் சேரும். ஓட்டல் சர்வராக இருந்தவர் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டே மறு கையால் மேசையைத் துடைத்துவிடுவார். டிரைவராக இருந்தவருக்கு ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரிக்கு எந்த வழி நல்லது, எங்கே ரயில்வே கேட் போட்டுவிடுவான் என்று கேட்காமலே தெரியும். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவருக்குச் சீம்பாலின் அருமை தெரியும். பிரசவம் ஆனதும் வரும் மஞ்சள் நிறப் பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்றுக்குச் சீம்பால் ஊட்டிவிட்ட கைக்கு அது எவ்வளவு பெரிய தப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

பட்டியல் முடிந்ததும் எந்தப் பொறுப்பு யாருக்கு என்று பெயர் போடுங்கள். பொம்பளை வேலை, ஆம்பளை வேலை என்று பிரித்தால் இந்தப் பட்டியலே வீண். எங்கள் வீட்டில் கணக்கும் படிவமும் மனைவியிடம், சாமானும் மருந்தும் ராத்திரியில் பெரும்பகுதியும் என்னிடம்.

2. பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஆர்டர் கைக்கு வந்ததும் மெர்ச்சண்டைசர் முதலில் போடுவது 'டைம் அண்ட் ஆக்‌ஷன்' காலண்டர், எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணை. ஷிப்மென்ட் தேதியை மேலே எழுதி, பேக்கிங், தையல், கட்டிங், சாயம், நூல் என்று பின்னோக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு வைப்பார்கள். இதையும் அப்படியே போடுங்கள். டாக்டர் எழுதித் தரும் தேதி, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி வருவது. சரியாக அந்த நாளில் பிறக்கும் குழந்தைகள் குறைவு. 37 வாரம் ஆகிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் பிறக்கலாம். ஆகவே டாக்டரின் தேதியை மறந்துவிட்டு, 37-ஆவது வாரத்தையே ஷிப்மென்ட் தேதி என்று வையுங்கள்.

12 வாரத்துக்குள்: பிக்மி பதிவு, அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு. கிராமத்தில் கிராம சுகாதார நர்ஸ், நகரத்தில் நகர்ப்புற சுகாதார நர்ஸ் செய்து தருவார். இணையத்திலும் முன்பதிவு செய்யலாம். ஆதார், மனைவி பெயரில் உள்ள வங்கி பாஸ்புக், மொபைல் எண், கடைசி மாதவிலக்குத் தேதி கையில் இருக்கட்டும். 12 இலக்க ஆர்.சி.எச். எண் தருவார்கள். "நாங்க பிரைவேட்லதான் பாக்குறோம், இது எதுக்கு" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். தனியாரில் பிறந்தாலும் பிறப்புப் பதிவின்போது இந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். அப்போது தேடினால் அலைச்சல்தான்.

11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன், 24 முதல் 28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. ஸ்கேன் சென்டரில் அடையாள அட்டை கேட்பார்கள், படிவத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். ஆணா பெண்ணா என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம்.

28 வாரத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு. 30-இல் லீவு கடிதம். 35-இல் பை தயார்.

நம் ஊரில் இந்தக் காலண்டரைக் கலைத்துப் போடுவது வளைகாப்புதான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். டாக்டர் மாறுகிறார், ஆஸ்பத்திரி மாறுகிறது, பைல் மட்டும் கணவன் வீட்டு அலமாரியிலேயே இருந்துவிடுகிறது. சீர்வரிசைத் தட்டோடு அந்தப் பைலும் போகட்டும். ரத்த வகை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட், தடுப்பூசி விவரம், ஆர்.சி.எச். எண், ஆதார் நகல் எல்லாம் ஒரே உறையில் இருக்க வேண்டும். இரண்டு ஊர் நர்ஸுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: பிறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் உள்ளாட்சியில்தான் பதிவாகும். குழந்தை மனைவியின் ஊரில் பிறந்தால், உங்கள் ஊர் மாநகராட்சி வாசலில் நின்று பிரயோஜனம் இல்லை.

3. செலவுக்கு ஒரு காஸ்டிங் ஷீட்

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, உள்ளிருக்கும் நாட்களின் சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப வண்டி எல்லாமே இலவசம். வீடு திரும்பும் அந்த வண்டிக்கு 102. கூட இருப்பவர் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் கொஞ்சம் ரொக்கம் இருந்தால் போதும்.

தனியாரில் 'பேக்கேஜ்' என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, வரும் ஒட்டுமொத்த விலையை எந்த மெர்ச்சண்டைசரும் அப்படியே நம்பமாட்டார். நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பார். நீங்களும் பிரித்துக் கேளுங்கள். சுகப்பிரசவத்துக்கு எவ்வளவு, சிசேரியனுக்கு எவ்வளவு? எத்தனை நாள் அறை வாடகை சேர்த்தி? மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் பீஸ் உள்ளேயா வெளியேயா? மருந்தும் கையுறையும் தனி பில்லா? முக்கியமாக, குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பேக்கேஜிலும் பெரும்பாலும் அது இருக்காது. பதிலை வாயால் வாங்காதீர்கள், தாளில் எழுதி வாங்குங்கள்.

காப்பீடு: கம்பெனி குரூப் பாலிசி என்றால் பிரசவத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, பிறந்த குழந்தையை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். சொந்தமாக எடுத்த பாலிசியில் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் வருடக்கணக்கில்கூட இருக்கும். கர்ப்பம் உறுதியான பிறகு எடுத்தால் இந்தப் பிரசவத்துக்கு உதவாது.

வருமானம் குறைந்த குடும்பம் என்றால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தைக் கேளுங்கள். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணைகளில், மீதி 4,000 மதிப்புக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தாய்க்கு 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான். பணம் தாயின் கணக்குக்கு நேராக வருவதால், பாஸ்புக்கிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

4. லீவு: அம்மாவுக்குச் சட்டம் உண்டு, அப்பாவுக்குச் சேமிப்புதான்

வேலைக்குப் போகும் பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. பிடிக்கும் இடத்தில் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும், அதற்குச் சந்தா நாள் கணக்கு வேறு. தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 12 மாதம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் தப்பில்லை.

தனியாரில் வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. மற்றவர்கள் கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்தே ஈட்டிய விடுப்பைச் சேர்த்து வையுங்கள். ஆனால் அதைப் பிரசவ வாரத்திலேயே கொட்டித் தீர்க்காதீர்கள். அப்போது மாமியார் வீட்டில் கூட்டம் நிறைந்திருக்கும். உங்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கவே மூன்று பேர் நிற்பார்கள். உண்மையில் ஆள் தேவைப்படுவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மனைவியும் குழந்தையும் உங்கள் வீட்டுக்குத் திரும்பி வரும் அந்த வாரம். சீசன் நேரத்தில் லீவு கிடைக்காது என்று தெரிந்த வேலை என்றால், பிரசவத்துக்குக் கொஞ்சம், திரும்பி வரும்போது பெரும்பகுதி என்று பிரித்து முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

5. சான்றிதழ்: ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்க

வங்கியில் ஒருவர் பதிந்த எதையும் அவரே பாஸ் செய்ய முடியாது. இன்னொருவர் பார்த்துத்தான் விடுவிப்பார். என் மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்த ஆகப் பெரிய சொத்து இந்தப் பழக்கம்தான். குழந்தை பிறந்து டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் ஆஸ்பத்திரி ஒரு படிவத்தை நீட்டும். பெற்றோர் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், முகவரி, ஆர்.சி.எச். எண். தூக்கமில்லாத மனிதன் எழுதும் படிவம் அது. ஒருவர் எழுதுங்கள். மற்றவர் ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். பிறகு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

எங்கள் படிவம் போன அலுவலகத்தில் அப்பா பெயரின் நடுவில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள். நாங்கள் கொடுத்த படிவத்தின் போட்டோ இருந்ததால் பேச வாய் இருந்தது. இல்லையென்றால் "நீங்க எழுதினதுதான்" என்று முடித்திருப்பார்கள்.

இதைவிடப் பெரிய பொறி உங்கள் சொந்த ஆவணங்களில் இருக்கிறது. இன்ஷியல் ஆதாரில் முன்னால், பான் கார்டில் விரித்து, பள்ளிச் சான்றிதழில் பின்னால் என்று இருக்கும். குழந்தையின் சான்றிதழ் இதில் எதைப் பின்பற்றும்? கர்ப்ப காலத்தின் நடு மூன்று மாதம் இதற்குத் தோதான நேரம். இருவரின் ஆதாரையும் முதலில் சரி செய்துகொள்ளுங்கள்.

தேதிகள் இவை. பிறந்து 21 நாளுக்குள் பதிவு, கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் அனுப்புவது அவர்கள் பொறுப்பு, ஆனால் அனுப்பினார்களா என்று கேட்பது உங்கள் பொறுப்பு. 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு போய்விடும். அதற்கு மேல் ஒரு வருடம் வரை அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை போகும். பெயர் முடிவாகவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். பெயர் இல்லாமலே பதிந்து, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 வருடம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். நியூமராலஜி பார்க்கிறவர்கள் பார்த்து முடித்துவிட்டே எழுதுங்கள். எழுதிய பிறகு ஒரு எழுத்தைக் கூட்டுவது நீங்கள் நினைப்பதுபோல் லேசு இல்லை.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். அதை வாங்கியதும் நீல நிற ஆதார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைரேகை எடுக்கமாட்டார்கள். போட்டோ மட்டும் போதும், அப்பாவோ அம்மாவோ ஒருவர் தன் ஆதாரோடு போக வேண்டும். முதல் பதிவு இலவசம். யாராவது பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

6. சாமான்: சைஸ் ரேஷியோ பார்த்து வாங்குங்கள்

பனியன் கம்பெனியில் எல்லா சைஸும் ஒரே எண்ணிக்கையில் வெட்டமாட்டார்கள். எது அதிகம் ஓடுமோ அது அதிகம். ஆனால் புதுப் பெற்றோர் பெரும்பாலும் பிறந்த குழந்தை சைஸிலேயே ஒரு பீரோ நிறைய வாங்கிவிடுகிறார்கள். வருகிற அன்பளிப்பும் அதே சைஸில்தான் வரும். முதல் மூன்று மாதம் குழந்தை நாளைக்கு 25 முதல் 30 கிராம் ஏறும். 3 கிலோவில் பிறந்தது இரண்டு மாதத்தில் நாலரை கிலோவைத் தாண்டும். நியூபார்ன் டயப்பர் 5 கிலோ வரைக்கும்தான். அதனால் அதில் சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். சட்டையில் 3–6 மாத சைஸை அதிகம் வாங்குங்கள். பகலுக்குத் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணி போதும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும்.

துணியைச் செக்கிங் டேபிளில் பார்ப்பதுபோல் பாருங்கள். கழுத்தில், தொப்பியில் நாடா இருந்தால் வேண்டாம். ஐரோப்பாவுக்குப் போகும் சின்னக் குழந்தைத் துணியில் கழுத்து நாடாவே கூடாது, காரணம் கழுத்து இறுகும். பட்டனை நன்றாகப் பிடித்து இழுங்கள். ஏற்றுமதியில் 90 நியூட்டன் விசையில் 10 வினாடி இழுத்துப் பார்ப்பார்கள். கடைத்தெரு துணியில் பட்டன் உங்கள் கையோடு வந்தால் நாளைக்குக் குழந்தையின் வாயில் இருக்கும். உட்புறம் திருப்பி, தொங்கும் நூலை வெட்டுங்கள். பிஞ்சு விரலில் நூல் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், அழுகைக்குக் காரணமும் வெளியே தெரியாது. புதுத் துணி எதுவானாலும் ஒருமுறை அலசிய பிறகே போடுங்கள்.

7. ராத்திரியை ஷிப்டாகப் பிரியுங்கள்

நைட் ஷிப்ட் பார்த்தவருக்குத் தெரியும், முழு ராத்திரி ரெண்டு பேரும் அரைத்தூக்கத்தில் கிடப்பதைவிட ஆளுக்குப் பாதி ஒழுங்காகத் தூங்குவது எவ்வளவோ மேல். 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை ஒருவர். பாலூட்டுவது தாய்தான், ஆனால் குழந்தையை எடுத்துக் கொடுப்பது, ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, திரும்பத் தூங்க வைப்பது எல்லாம் அப்பா செய்யலாம். ஒரு பாலூட்டலில் தாய்க்கு முக்கால் மணி நேரத் தூக்கம் மிச்சமாகும். பகலில் தூங்க ஜன்னலுக்குக் கெட்டித் திரை போடுங்கள். தூங்கப் போகும் முன் காபி வேண்டாம்.

ஷிப்ட் மாறும்போது எழுதி வைக்க ஒரு நோட்டு, அதன் மேலேயே கட்டிய பேனா. எங்கள் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: '2.10 – இடப்பக்கம் – 15 நிமிஷம் – ஏப்பம் வந்தது – மூத்திரம் – மலம் மஞ்சள்.' பிறந்த குழந்தை நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 6 முறையாவது மூத்திரம் போக வேண்டும். டாக்டரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நோட்டு இருந்தால் "போகுது டாக்டர், நிறையத்தான் போகுது" என்று மென்று முழுங்க வேண்டாம். ஆப்பிலும் பதியலாம், ஆனால் இருட்டில் போனைத் திறந்தால் மூளை விழித்துக்கொள்ளும். எனக்கு நோட்டுதான்.

அழுகை ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். கால் சென்டரில் ஒரு வரிசை உண்டு, எந்தக் கஸ்டமர் கத்தினாலும் அதே வரிசை. இங்கேயும் பசியா, ஈரமா, காற்று அடைத்திருக்கிறதா, புழுக்கமா குளிரா, வெளிச்சமும் சத்தமும் அதிகமா என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாம் பார்த்தும் நிற்கவில்லை, உங்களுக்குக் கோபம் தலைக்கேறுகிறது என்றால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள். குழந்தையைக் குலுக்கவே கூடாது, மூளையில் ரத்தக் கசிவு ஆகும்.

எதற்கு யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல் பிரிட்ஜ் கதவில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள், வலிப்பு. இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். வண்டிக்கு 108, ஆலோசனைக்கு 104.

8. மருந்து: மெடிக்கல் ஷாப் பாடம்

நான் கவுன்டரில் அடிக்கடி பார்த்த குழப்பம், சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் நடுவில் வருவது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 125, இன்னொரு வகையில் 5 மில்லியில் 250. 125 சிரப்புக்குச் சொன்ன மில்லி அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் குழந்தைக்கு நாலு மடங்கு மருந்து போகும். டாக்டரிடம் 'எத்தனை மில்லி' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எந்த பாட்டிலில், எத்தனை மில்லி' என்று கேளுங்கள். அளவு எடைக்குத் தகுந்து மாறும், பழைய சீட்டைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. வீட்டுக் கரண்டி வேண்டாம், பாட்டிலோடு வரும் டிராப்பர்தான் கணக்கு.

பவுடராக வரும் ஆன்டிபயாட்டிக்கில், காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் அளவு இறங்கும், மறுபடி கோடு வரை ஊற்றுங்கள். கலக்கிய தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள், லேபிளில் சொன்ன நாள் முடிந்ததும் கொட்டிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. டம்ளருக்குக் கொஞ்சமாகத் தட்டிப் போடக் கூடாது.

தடுப்பூசி: பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ, ஹெபடைடிஸ் பி. அப்புறம் 6, 10, 14 வாரம், 9 மாதம், 16 முதல் 24 மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை இலவசம். தனியாரில் சில கூடுதல் ஊசிகள் சொல்வார்கள். எது அட்டவணையில் உள்ளது, எது கூடுதல், ஒவ்வொன்றும் எவ்வளவு என்று எழுதி வாங்கி முடிவு செய்யுங்கள்.

9. பெரியவர்களின் யோசனை: கிரிட்டிக்கல், மேஜர், மைனர்

பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் குறைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். கிரிட்டிக்கல் ஒன்று இருந்தாலும் லாட் போகாது. மேஜரும் மைனரும் ஒரு அளவு வரை ஓகே. கூட்டுக் குடும்பத்தில் நிம்மதியாக இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கிரிட்டிக்கல்: சேனை வைக்கிறேன் என்று தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் கொடுப்பது. ஒரு வயது வரை தேனே கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் டாக்டர் எழுதிய மருந்தும் தவிர ஒன்றும் கூடாது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், கண்ணுக்குள் மை தீட்டுவதும் இதே வகை. மேஜர்: மூடிய அறையில் கண் எரியும் அளவுக்குச் சாம்பிராணிப் புகை. கதவைத் திறந்து வைத்து, குழந்தையைத் தள்ளிப் பிடித்தால் பாதி தீர்ந்தது. மைனர்: உள்ளங்காலில் திருஷ்டிப் பொட்டு, எந்தக் கிழமை முதல் முடி, யார் மடியில் முதலில். இதிலெல்லாம் வாயே திறக்காதீர்கள்.

மனைவியின் அம்மாவிடம் மனைவி பேசட்டும், உங்கள் அம்மாவிடம் நீங்கள். வேறு வழியில்லாமல் நீங்களே பேச வேண்டி வந்தால் பழி டாக்டர் மேல் போகட்டும்: "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாருங்க அத்தை." இப்படிச் சொல்வதற்காகவே டிஸ்சார்ஜ் சீட்டில் அதை எழுதி வாங்கினோம். சேனை வைக்கும் மரியாதை யாருக்கோ, அவர் கையால் குழந்தைக்கு முதல் சட்டை போடச் சொன்னோம். பிரச்சனை அதோடு முடிந்தது.

10. கம்பெனி வாசலிலேயே விட்டுவிட வேண்டியவை

டார்கெட். பக்கத்து வீட்டுக் குழந்தை எத்தனை கிலோ, எப்போது குப்புற விழுந்தது என்ற ஒப்பீடு. தடுப்பூசி அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் உங்கள் குழந்தையின் புள்ளி தன் வழியில் ஏறினால் போதும். அப்புறம், யாரால் தவறியது என்று விசாரணை வைக்கும் பழக்கம். தூக்கமில்லாத இரண்டு பேருக்கு நடுவில் அது சண்டையில்தான் முடியும். ஓவர்டைம் வீரமும் வேண்டாம். பிரசவம் ஆகி இரண்டு வாரம் தாண்டியும் மனைவி அழுதுகொண்டே இருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 'எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்' என்று விடாதீர்கள்.

விடக் கூடாத ஒன்று வாராந்திர மீட்டிங். ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கும் நேரத்தில் 15 நிமிடம், கையில் அந்த நோட்டு. அடுத்த ஊசி எப்போது, என்ன சாமான் தீரப் போகிறது, எந்தப் படிவம் எங்கே நிற்கிறது, யாருக்கு எந்த ராத்திரி ஓய்வு. தொலைவில் இருக்கும் தேதிகளையும் முதல் மீட்டிங்கிலேயே காலண்டரில் ஏற்றிவிடுங்கள். குழந்தையைக் காப்பீட்டில் சேர்க்க ஹெச்.ஆர். சொன்ன கடைசி நாள், பெயர் சேர்க்க 12-ஆவது மாதம், அம்மா வேலைக்குத் திரும்பும் நாளுக்கு ஆறு வாரம் முன்பு ஆள் அல்லது காப்பகம் தேடும் வேலை, ஐந்து வயது முடிந்ததும் ஆதாருக்குக் கைரேகை. கடைசியாகச் சொன்ன கைரேகையைப் பெரும்பாலோர் பள்ளியில் கேட்கும்போதுதான் நினைக்கிறார்கள். அதற்கு இருவர் போனிலும் ரிமைண்டர் போடுங்கள்.